அண்ணி அடக்கிய ஐந்து கம்பிகள்

ஒரு ராக் கிட்டார்காரர் எதனால் பெரிய ஆள் ஆகிறார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். சொல்லட்டும். நான் டிரம்ஸ் அடிக்கிறவன். எத்தனையோ கிட்டார்காரர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளியவன். முன்னால் நின்று கை தட்டுகிறவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும். ஆகவே கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள். நான் சொல்லப்போவது எங்கள் அண்ணியைப் பற்றி.

முதலில் எங்கள் குழுவைச் சொல்லிவிடுகிறேன். நான் டயர் கடையில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் சக்கரம் கழற்றுவது, சக்கரம் மாட்டுவது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் எங்கள் தெரு முனையில் சலூன் வைத்திருப்பவர். பாடகருக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. நாள் முழுக்க 'பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி' என்று கத்திக் கத்தியே அவருக்கு அந்தக் குரல் வந்தது என்பது என் அபிப்பிராயம். கிட்டாருக்கு ஒருவன் இருந்தான். மின்னல் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவன் விரல் ஓடுகிற வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. தாளத்தைவிட்டும் ஓடிவிடுவான் என்பதைப் பற்றி நான் வாயைத் திறந்தால் சண்டைதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சலூனில் முடிவெட்ட வருகிறவர்கள் பாவம். எங்கள் வாய்ச்சண்டையையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். வேகம்தான் எல்லாம் என்பான் மின்னல். கூட்டம் அலற வேண்டும், அவன்தான் ஜாம்பவான் என்பார் பாடகர். தாளத்தில் நிற்கத் தெரியாதவன் என்ன பெரிய இவனா என்று நான் குதிப்பேன். சலூன்காரர் மட்டும் கத்தரியை நிறுத்தாமல், "ஒரே ஒரு சுரம் கேட்டதும், அட, இது இன்னாருன்னு தெரியணும்டா. அவன்தான் ஆளு" என்பார். நாற்காலியில் இருப்பவர் தலையாட்டப் போய்க் காதுக்குப் பக்கத்தில் வெட்டு விழுந்த சம்பவமும் உண்டு.

இந்தக் கச்சேரிக்கு நடுவில் மின்னலுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகட்டும், வயிற்றுப்பாடு. ஆனால் அடுத்த மாதம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மைதானத்தில் பல குழுக்கள் வாசிக்கும் மேடையில் எங்களுக்கும் இடம் கிடைத்திருந்தது. கிட்டார் இல்லாமல் ராக் வாசிப்பதா? பல் இல்லாமல் கரும்பு கடிக்கிற கதைதான்.

பல் என்றதும் அண்ணி ஞாபகம் வந்ததா, அண்ணி ஞாபகத்தில்தான் பல் வந்ததா, தெரியவில்லை. என் அண்ணன் பெண்டாட்டி வேலை பார்ப்பது பல் செட் செய்யும் பட்டறையில். மெழுகில் பல்வரிசை அடுக்குவதும், வார்த்தெடுத்ததைச் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் அவர் வேலை. எங்கள் பகுதியில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது அண்ணி புண்ணியத்தில்தான். வெள்ளைத்தூள் படிந்த முடியோடு வீட்டுக்கு வருவார். வந்ததும் சமையல், குழந்தை, துணி. எல்லாம் ஓய்ந்த பிறகு கட்டிலின் காலடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கிட்டாரை மடியில் எடுப்பார்.

அது எலக்ட்ரிக் கிட்டார். அவருடைய தம்பி வெளியூர் போனபோது விட்டுப்போனது. கிட்டார் இருந்ததே தவிர, சத்தம் கொடுக்க வேண்டிய ஆம்ப் அந்த வீட்டில் கிடையாது. இருந்தாலும் போட முடியாது. என் அண்ணனுக்குக் குளிர்சாதனக் கிடங்கில் இரவு வேலை, பகலில் தூங்குவான். இரவில் குழந்தை தூங்கும். இருப்பதோ ஒரே அறை. ஆம்ப் இல்லாத எலக்ட்ரிக் கிட்டார் எப்படி ஒலிக்கும் தெரியுமா? கொசு ரீங்காரம் போடுவது போல. அந்தக் கொசுச் சத்தத்தில்தான் அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டுகள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. நானே ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒரு விரல் பிசகவில்லை.

சும்மா இருப்பேனா? சலூனில் போய் மார்தட்டினேன். "எங்க அண்ணி இருக்காங்க. மின்னலாவது, இடியாவது! வந்து கேட்டுட்டு அப்புறம் பேசுங்க."

பாடகர் சிரித்தார். "யாரு, பல்லு செய்யறாங்களே, அவங்களா?"

"ஏன்? கியரு மாத்தற நீ பாடலையா?"

மறுநாளே டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் கூடினோம். சுற்றிலும் பழைய டயர்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். சத்தம் வெளியே போகாது, அதனால்தான் அங்கே பயிற்சி. அண்ணி பட்டறையிலிருந்து நேராக வந்தார். மின்னல் விட்டுப்போன பெரிய ஆம்பில் ஒயரைச் செருகினார். நான் குச்சியைத் தட்டித் தாளம் கொடுத்தேன்.

அடக் கடவுளே! அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அண்ணி வாசித்த பாட்டு எங்கேயோ உள்ளே இருந்தது. அதன்மேல் உறுமல், கீச்சல், ஊளை, எல்லாம் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு சுரம் வாசித்தால் கூடவே மற்ற ஐந்து கம்பிகளும் தாமாக முனகின. விரலை எடுத்தால் ஒரு அலறல், வைத்தால் ஒரு அலறல். போதாக்குறைக்கு, கொசுச் சத்தத்தைக் கேட்பதற்காக வருஷக்கணக்கில் அழுத்தி அழுத்தி வாசித்த விரல்கள் அல்லவா? அழுத்திய வேகத்தில் சுருதியும் கோணிக்கொண்டு போயிற்று.

பாடகர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அம்மா தாயே, நிறுத்துங்க! இது கிட்டாரா, கல்லுடைக்கிற மெஷினா?"

எனக்கு வந்ததே கோபம், கையிலிருந்த குச்சியை வீசிவிட்டேன். அது டயரில் பட்டுத் திரும்பி வந்து என் முழங்காலிலேயே விழுந்தது. "யோவ், மரியாதையாப் பேசு!" என்று எழுந்தேன்.

"உக்காரு தம்பி" என்றார் அண்ணி. முகம் வெளிறிப் போயிருந்தது. "அவர் சொல்றதுல என்ன பொய்? எனக்கே காது வலிக்குது." பிறகு சலூன்காரரைப் பார்த்து, "எங்க தப்புன்னு உங்களுக்குத் தெரியுதாண்ணே?" என்று கேட்டார்.

சலூன்காரர் தாடையைச் சொறிந்தார். "நீங்க அடிக்கிற கம்பி ஒழுங்காத்தான்மா பேசுது. அடிக்காத கம்பிங்கதான் மானத்தை வாங்குது."

அண்ணி குனிந்து கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலோரத்துக் கொசுச் சத்தத்தில் மற்ற கம்பிகள் முனகுவது காதில் விழுந்ததே இல்லை. விழாத ஒன்றை எப்படி அடக்குவது? ஒரு பாட்டைப் பிழையில்லாமல் கற்றுக்கொண்டு, கூடவே அந்தப் பாட்டைக் கொல்லும் பழக்கத்தையும் பிழையில்லாமல் கற்றுக்கொண்டிருக்கிறார். ஒரே அறையில் குடும்பம் நடத்திக்கொண்டு ராக் கிட்டார் பழகுகிறவருக்கு மட்டுமே நேரக்கூடிய கூத்து இது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

பாடகர் பேச்சை முடிக்கப் பார்த்தார். "ஓட்டல்ல வாசிக்கிற ஒருத்தன் இருக்கான். சூப்பரா வாசிப்பான். அவனைக் கூப்பிட்டுக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

"தப்பா எடுத்துக்கல" என்றார் அண்ணி. ஆனால் ஒயரைப் பிடுங்கவில்லை. "இத்தனை வருஷமா சத்தம் வராம வாசிச்சிருக்கேன். ஒரே ஒரு தடவை சத்தமா வாசிக்கணும். நாலு பேர் கேக்கணும். அது கல்லுடைக்கிற மாதிரி இருந்தா எனக்குத்தான் அசிங்கம். மேடைக்கு இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள சரியா வரலைன்னா நானே போயிடறேன், நீங்க சொல்ல வேண்டாம்."

சலூன்காரர் தலையாட்டினார். பாடகர் முனகினார். விஷயம் எனக்குச் சாதகமாக முடிந்ததால் நான் கீழே கிடந்த குச்சியைப் பொறுக்கிக்கொண்டேன்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அண்ணன் பெருந்தன்மையாக, "இங்கேயே ஆம்பு போட்டு வாசி. நான் பஞ்சு வச்சுக்கிட்டுத் தூங்கிடுவேன்" என்றான். ஒரு சின்ன ஆம்பை இரவல் வாங்கிக் கொண்டுபோய் வைத்தோம். அண்ணி முதல் சுரத்தைத் தொட்டதும் அவன் கூரை இடிந்துவிட்டதாக நினைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டான். அத்தோடு வீட்டுப் பயிற்சிக்குக் கும்பிடு போட்டோம்.

பிறகு அண்ணி மதிய இடைவேளையில் டயர் கடைக்கு வர ஆரம்பித்தார். நடந்துகொண்டே சாப்பிட்டுவிடுவார் போல. வரும்போது கை கழுவ மட்டும் தண்ணீர் கேட்பார். ஆம்பைக் கொண்டமட்டும் திருகி வைப்பார். இரண்டு கையையும் கம்பிகள்மேல் வைத்துக்கொண்டு நிற்பார். அப்புறம் ஒன்றும் செய்யமாட்டார். சும்மா நிற்பார்.

ஆம்ப் மட்டும் 'உஸ்ஸ்' என்று சீறிக்கொண்டிருக்கும். கை கொஞ்சம் நடுங்கினாலும் ஒரு கம்பி கத்திவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து நிற்பார். வலது உள்ளங்கையின் ஓரத்தால் தடித்த கம்பிகளை மூடுவது, இடது விரல்களின் அடிப்பக்கத்தால் மெல்லிய கம்பிகளை மூடுவது. இது வராமல் ஒரு சுரம்கூட வாசிக்கப்போவதில்லை என்று அவரே முடிவு கட்டியிருந்தார். சக்கரம் மாற்ற வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

எங்கள் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா, உங்க அண்ணி என்னதான் பண்றாங்க? கரண்டை எரிச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிறாங்களே!"

"சும்மா இருக்கப் பழகறாங்க, முதலாளி."

"அதை எங்கிட்டக் கேட்டிருந்தா உன்னைக் காட்டியிருப்பேனே. நீ அதுல கைதேர்ந்தவனாச்சே" என்றார் மனிதர்.

ஒருநாள் சத்தம் வராமல் நின்றார். மறுநாள் ஒரு சுரம் வாசித்தார், உடனே அடக்கினார். அது ஒரு வெட்டு மாதிரி விழுந்தது. சுரம் இருந்தது, பிறகு இல்லை. நடுவில் ஒரு துளி முனகல் கிடையாது. நான் கையில் டயரோடு அப்படியே நின்றுவிட்டேன். இன்னொரு சுரம். அதை அழுத்தாமல், மெதுவாகக் கம்பியை வளைத்து மேலே கொண்டுபோய் நிறுத்தினார். அழுத்த வேண்டிய அவசியம் போனதும் அந்தக் கையில் இவ்வளவு மென்மை இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். அண்ணி என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. "இன்னும் வரல தம்பி. மூணாவது கம்பி இன்னும் அடம் பிடிக்குது" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கு ஓடினார். இடையில் ஒருநாள் அதே மூன்றாவது கம்பி அவரைப் படாதபாடு படுத்தியது. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு டயர்மேல் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து முகம் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். நான் பக்கத்தில் போகவில்லை. போயிருந்தால் திட்டு விழுந்திருக்கும்.

கடைசிப் பயிற்சியில் பாடகருக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. குறை கிடைக்காவிட்டால் சிலருக்குத் தூக்கம் வராது. எங்கள் குழுவின் சொந்தப் பாட்டு ஒன்று உண்டு. இரண்டாவது சரணத்துக்குப் பின் கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கும், அதன்பின் கடைசிச் சரணம். அந்த இடத்தில் மின்னல் சரவெடி மாதிரி பொரிந்து தள்ளுவான். அண்ணி அங்கே விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சுரங்களைத்தான் வாசித்தார். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இடம் விட்டார்.

"என்னங்க இது, சொட்டுச் சொட்டா?" என்றார் பாடகர். "ஜனங்க மின்னலோட வேகத்தைக் கேட்டவங்க. அதைத்தான் எதிர்பார்ப்பாங்க."

"அந்த வேகம் என் கையில இல்ல" என்றார் அண்ணி. "இல்லாததை இருக்கற மாதிரி காட்ட எனக்கு வராது. இதுதான் நான் வாசிக்கறது. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, குழந்தை காத்துக்கிட்டிருக்கும்."

சலூன்காரர் நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். முடிவு இதுதான்: அண்ணி வாசிப்பார். ஆனால் அந்த ஓட்டலில் வாசிக்கிறவன் கிட்டாரோடு மேடைப்படியில் தயாராக நிற்பான். எங்காவது பழைய ஊளை கிளம்பினால் அண்ணி இறங்கிவிட வேண்டும், அவன் ஏறுவான். "இது என்னய்யா அநியாயம்? மனுஷிக்கு ஸ்டெப்னியா?" என்று நான் கத்தினேன். எங்கள் கடையில் உபரி டயருக்கு அதுதான் பெயர். அந்த நிமிஷத்திலிருந்து ஓட்டல்காரனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அண்ணியோ, "நிக்கட்டும் தம்பி, அவருக்கும் பொழுது போகணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மேடை ஏற வேண்டிய சனிக்கிழமை சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. அண்ணன் தூக்கத்தை விட்டுவிட்டுக் குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றான். பெண்டாட்டி அதே அறையில் தினமும் வாசித்தும், அவன் அவர் வாசித்து ஒரு பாட்டுக் கேட்டதில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி ஆம்புக்குப் பக்கத்தில், என் டிரம்ஸையொட்டி ஒதுங்கி நின்றார். முடியில் லேசாக வெள்ளைத்தூள் இருந்தது.

முதல் பாட்டு நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவது பாட்டின் நடுவில் அந்தப் பாழாய்ப்போன மூன்றாவது கம்பி ஒரு கீச்சல் கொடுத்தது. சின்னதுதான். ஆனால் பாடகர் தலையைத் திருப்பிப் படியைப் பார்த்தார். ஸ்டெப்னி கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு படி ஏறிவிட்டான். அண்ணி அதைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் விரல் நகர்ந்து அந்தக் கம்பியின்மேல் படுத்துக்கொண்டது. கீச்சல் நின்றது. அதன்பிறகு ஸ்டெப்னி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. 'மவனே, ஏறித்தான் பாரேன்' என்று நான் டிரம்மை ஓங்கி அடித்தேன்.

கடைசியாக எங்கள் சொந்தப் பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்தது. நாங்கள் மூவரும் அடங்கிக்கொண்டோம். என் கால் மட்டும் பெரிய டிரம்மில் தாளத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அண்ணி ஒரு சுரம் வாசித்தார்.

அது மைதானத்தின் கடைசிவரை போயிற்று. கம்பியை மெல்ல வளைத்து, உச்சியில் நிறுத்தி, நடுங்கவிட்டு, சட்டென்று அடக்கினார். எத்தனையோ மேடைகளில் கூட்டம் அலறியதைக் கேட்டிருக்கிறேன். கூட்டம் ஒட்டுமொத்தமாக மூச்சைப் பிடித்துக்கொண்டதை அன்றுதான் கேட்டேன். அடுத்த சுரம் எப்போது வரும் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். வந்தது. மறுபடி நிசப்தம். மறுபடி ஒன்று. மின்னல் வாசித்தால் எவனோ ஒரு கெட்டிக்காரன் வாசிக்கிறான் என்று தெரியும். இது அண்ணி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அண்ணி, டயர்மேல் உட்கார்ந்து அழுத அண்ணி. வேறு யாரும் அதை வாசித்திருக்க முடியாது. எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வியர்வை என்று சொல்லிச் சமாளிக்க எனக்கு இஷ்டமில்லை. அழுதேன்.

தனி வாசிப்பு முடிந்தது. இனி பாடகர் கடைசிச் சரணத்தை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. நான் ஞாபகப்படுத்த டிரம்மில் ஒரு உருட்டு உருட்டினேன். மனிதர் மைக்கைப் பிடித்தபடி அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றார். "யோவ், பாடுய்யா!" என்று கத்தினேன். அவர் எனக்குக் கையை மட்டும் காட்டினார், பொறு என்று. பிறகு மைக்கை விட்டு நகர்ந்து, மேடையின் நடுவிடத்தை விட்டுக்கொடுத்து ஓரமாகப் போனார். போகிறபோது அண்ணியிடம், "முன்னாடி வாங்க. இன்னும் வாசிங்க" என்றார்.

அண்ணியிடம் இருந்தது அவ்வளவுதான். மேற்கொண்டு வாசிக்க ஒன்றும் தயார் செய்திருக்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும், காலை நிறுத்தாமல் தாளம் கொடுத்தேன். ஒயர் இழுபடும் மட்டும் முன்னால் நடந்து வந்தார். இரண்டு கையையும் கம்பிகள்மேல் வைத்தார். ஆம்ப் முழுசாகத் திறந்திருந்தது. ஒரு முனகல் இல்லை. ஒரு முழுச் சுற்று தாளம் என் காலோடு மட்டும் போயிற்று.

பிறகு வாசிக்க ஆரம்பித்தார். கற்றுக்கொண்டது எதுவும் அதில் இல்லை. போகப்போகப் புதிதாக வந்துகொண்டே இருந்தது. சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே போனார், நானும் போனேன். அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். குழந்தை அவன் முடியைப் பிடித்து இழுத்ததுகூட அவனுக்கு உறைக்கவில்லை. ஸ்டெப்னி படியிலேயே கிட்டாரைக் கழற்றிப் பைக்குள் வைத்து மூடினான். கூட்டத்தை இடித்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தான்.

அந்தப் பாட்டின் கடைசிச் சரணம் அன்றைக்குப் பாடப்படவே இல்லை. ஏன் பாடவில்லை என்று ஒருத்தரும் கேட்கவுமில்லை.